புழுங்கலரிசிக் கலர்

'லைட்டா' என்கிற சொல்லை யாராவது சட்டம் போட்டுத் தடை செய்தால், முதல் ஆளாகப் போய் மாலை போடுவேன். மாயவரத்தில் ஒரு பெயிண்ட் கடையில், கலர் பார்த்துக் கொடுக்கும் கவுண்ட்டரில்தான் என் தலை நரைத்தது. இப்போது நீங்கள் பார்ப்பது நானே கலந்த கறுப்பு. அந்தக் கவுண்ட்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒன்றைத்தான். "லைட்டா ஒரு கலர் குடுங்க." மஞ்சளா என்றால், சேச்சே. வெள்ளையா என்றால், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். சந்தனமா என்றால், எதிர் வீட்டுக்காரன் அதைத்தான் அடித்திருக்கிறான். அழுக்குத் தெரியக் கூடாது, ஆனால் பார்க்க அழுக்கு மாதிரியும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு கலரை ஆண்டவன் படைத்தானா என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் திவ்யா போன மாதம் போன் பண்ணினாள். "அக்கா, ஒரு கஸ்டமர் வார்ம் நியூட்ரல் கேக்குறாங்க. அவங்க ஹாலை போன்லயே படம் எடுத்து, கலர் கலரா மாத்திக் காமிச்சுட்டேன். எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுதுங்குறாங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல அவங்க வீட்டுக்குப் போயி ஒரு காபி கேப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் அந்தக் கலருக்கு இங்கிலீஷ் பெயரெல்லாம் கிடையாது, 'அழுக்குத் தெரியாத கலர்' என்போம். ஆனால் காபி குடிக்காமல் அதைக் கொடுத்தது கிடையாது. ஏன் என்று திவ்யாவுக்குப் போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பூதலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, என்னைப் பிளஸ் டூவும் டைப்பும் படிக்க வைத்தார்கள். கல்யாணமாகி மாயவரம் வந்ததும் பெயிண்ட் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. பில் போட வந்தவள் கலருக்கு எப்படிப் போனேன் என்றால், அதற்குக் காரணம் வளைகுடா நாடுகள்.

கடற்கரைப் பக்கம் போகிற வழியில் முஸ்லிம் தெருக்கள் நிறைய. வீட்டுக்கு ஒருவராவது சபுரில் இருப்பார். சபுர் என்றால் பயணம், அதாவது துபாயோ குவைத்தோ சவூதியோ. அங்கிருந்து பணம் வர, இங்கே மாடி எழும்பியது. ஆனால் கலர் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆம்பளை கிடையாது. கடைப் பையன்கள் கலர் அட்டையைக் கொண்டுபோனால், கதவு இடுக்கிலிருந்து ஒரு கை வந்து அட்டையை வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து அதே கை, ஒரு விரலை எதன் மீதோ வைத்து வெளியே நீட்டும். விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பையன் பார்ப்பதற்குள் கை உள்ளே போய்விடும். இந்த லட்சணத்தில் ஒரு வீட்டில் படுக்கையறைக்குத் தபால் பெட்டிச் சிவப்பு அடித்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளி என்னைப் பார்த்து, "வசந்தா, பில்லை வேற யாராச்சும் போடட்டும், நீ கிளம்பு" என்றார்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டுப் பெயிண்ட் பட்டு யாரும் பார்த்ததில்லை. கலரைப் பார்க்கும்போது மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். வாயில் ஒரே சொல்தான் இருக்கும்: "காயட்டும்." ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்தபின் ஒன்றாகவும் தெரிவதுதான் பெயிண்டின் குணம், அதனால் காயாத கலரைப் பற்றி அவர் கருத்தே சொல்ல மாட்டார். அதோடு விட்டாரா? நாளைக்கு லீவு வேண்டும் என்றாலும் காயட்டும்தான். அவருடைய பெண்ணைக் கேட்டு நல்ல இடத்திலிருந்து வந்தபோது, தட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் அதையே சொல்லிவிட்டார். அவர்கள் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவர் வீட்டம்மா ஓடிப்போய் வாசலில் மறித்து, "இவுக சரின்னு சொல்றதே இப்படித்தாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

கலர் வேலைக்கு வந்த புதிதில் அவரோடு ஒரு சண்டை வீட்டுக்குப் போனேன். சீர்காழி ரோட்டில் ரைஸ் மில்காரர் ஒருவர் வீடு. பங்குனியில் கிரீம் கலர் அடித்துக்கொண்டவர், கார்த்திகையில் கடைக்கு வந்து மேஜையில் ஓங்கி அடித்தார். "கிரீம் கேட்டா பாசியைக் குடுத்திருக்கீங்க! வந்து பாருங்க, செவுரெல்லாம் பச்சை பூத்திருக்கு!"

போய்ப் பார்த்தோம். பச்சைதான். முதலாளி ஹாலின் நடுவில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஒரு காபி கிடைக்குங்களா?" என்றார். திட்ட வந்தவர் என்ன செய்வார்? உள்ளே குரல் கொடுத்தார். காபி வந்தது. முதலாளி ஆற்றி ஆற்றிக் குடித்தார். குடிக்கிற நேரம் முழுக்கச் சுவரைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைத்தான் பார்த்தார். வெளியே சம்பா நட்டுப் பயிர் கரும்பச்சையாக நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வெள்ளை வேட்டி இருந்தாக் குடுங்க" என்றார். அதை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டச் சொன்னார். கட்டினோம். சுவர் பழையபடி கிரீமுக்குத் திரும்பிவிட்டது.

ரைஸ் மில்காரர் வேட்டியைத் தூக்கினார். பச்சை. இறக்கினார். கிரீம். சின்னப் பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டு அவரையும் செய்யச் சொன்னார்.

"பாதி நாங்க அடிக்கிறோம், மீதியை வயல் அடிக்குதுங்க" என்றார் முதலாளி. "தை அறுப்பு முடிஞ்சா தானா போயிடும். காயட்டும்."

அன்றைக்கு விளங்கியது அந்தக் காபி எதற்கு என்று. ஒரு வீட்டு ஹாலில் காபி குடிக்கிற நேரம் சும்மா உட்கார்ந்தால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டு வருகிறது என்று கண்ணுக்குத் தானாகத் தெரியும். அதன் பிறகு என் முறையே இதுதான். காபி. பிறகு ஜன்னல் பக்கம் ஒரு முழ அகலத்துக்கு ஒரு பட்டை, இருட்டு மூலையில் ஒரு பட்டை. காய விட்டு, காலையில் பார்க்க வேண்டும், உச்சி வெயிலில் பார்க்க வேண்டும், விளக்கு வைத்த பிறகு பார்க்க வேண்டும். மூன்றாவது முறை பார்க்கும்போது கரண்ட் இருக்குமா என்பதற்குக் கடை பொறுப்பல்ல.

நாட்டை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் கடைக்குத் திறந்துகொண்டு வந்தது கலர் மெஷின். நம்பரைத் தட்டினால் டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயம் விழும், குலுக்கினால் கலர் தயார். கையால் கலக்கும் திறமை போச்சே என்று நான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தோள்பட்டை வலி போனது. தேங்காய் உடைத்துக் கும்பிட்டேன். முதலாளி மட்டும் மெஷின் பக்கத்தில் நின்று முதல் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமானதைச் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் வந்த வருஷம்தான் பல்கீஸ் வீட்டு வேலையும் வந்தது. தரங்கம்பாடி போகிற வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், தெரிந்தால் இன்றைக்கும் அவள் நாத்தனார் மும்தாஜைக் கேலி பண்ணுவார்கள். தெருவின் கடைசி வீடு, காம்பவுண்டு தாண்டினால் வயல். பல்கீஸின் வீட்டுக்காரர் ஜபருல்லா குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவர். நாலைந்து வருஷமாக ஊருக்கு வரவில்லை, வீட்டை மட்டும் போனிலேயே கட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படியை இந்தப் பக்கம் திருப்பு, கக்கூசுக்கு நீல டைல்ஸ் போடு, ஹால் ஜன்னலை அந்தக் குவைத் முதலாளி வீட்டு மஜ்லிஸ் மாதிரிச் சுவரில் பாதிக்கு வை. மஜ்லிஸ் என்றால் வந்தவர்களை உட்கார வைக்கும் பெரிய ஹாலாம். போன் ஹாலில் இருந்தது. அதன் பக்கத்தில் மாமியார் ஒரு நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் நான் காபி கேட்டபோது பல்கீஸ் டீதான் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வசந்தாக்கா, இந்த வீட்டுல நானா முடிவு பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். தொடப்பத்தை எங்க வைக்கிறதுங்குறது. அதையும் அவங்க இன்னும் கேக்கல, கேட்டா மாத்திடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிமெண்ட் மூட்டை எண்ணியதும், கொத்தனாரோடு மல்லுக்கு நின்றதும், மழையில் நனைந்த மணலுக்குப் படுதா போட்டதும் அவள். வீடு மட்டும் அவருடைய முதலாளி வீடு மாதிரி இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது ஹால் கலர் ஒன்றுதான். அதற்கும் உத்தரவு வந்துவிட்டது, மஜ்லிஸில் இருக்கும் அதே கலர் வேண்டுமாம். கார்த்திகையில் லீவில் வரும்போது அடித்து முடித்திருக்க வேண்டும். என்ன கலர் என்று கேட்கச் சொன்னேன். பல்கீஸ் கேட்டுவிட்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"லைட்டா இருக்குமாம்க்கா."

போனை வாங்கி ஆழாக்குக் கொதிக்கும் எண்ணெயை அதற்குள் ஊற்றலாம் போல வந்தது. "அந்தச் சுவத்துலேர்ந்து நகத்தளவு பேத்து அனுப்பச் சொல்லும்மா" என்றேன்.

வைகாசியில் சாம்பிள் வந்தது. ஊருக்கு வந்த ஒருவர் கையில், முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாவில், பஞ்சு சுற்றிப் பத்திரமாக. "வந்துருச்சுக்கா, நாளைக்கு வாங்க" என்று பல்கீஸ் கடைக்குப் போன் பண்ணினாள். மறுநாள் போனேன். ஹாலைத் தாண்டி அடுப்படிக்கு என்னை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே பஞ்சு இருந்தது. கடுகளவு ஒரு பொடி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"சாம்பிள் எங்கம்மா?"

பல்கீஸ் மூலையைக் கை காட்டினாள். அரிசி மூட்டை மேல் சாய்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் அவளுடைய நாத்தனார் மும்தாஜ். பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தவள். எட்டாம் மாசம். என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கி அழுகை வந்துவிட்டது.

"தின்னுட்டேன்க்கா."

"எதை?"

"செவுத்த."

"மோந்துதான் பாத்தேன்க்கா" என்றாள் மும்தாஜ் விசும்பிக்கொண்டே. "மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசம். ஓரத்துல லேசா ஒரு கடி கடிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல." சாம்பல், செங்கல் தூள், பச்சரிசி என்று ஏற்கெனவே ஒளித்து ஒளித்துத் தின்றுகொண்டிருந்தவளாம். விமானத்தில் வந்த சுவர் கிடைத்தால் விடுவாளா?

"சரி, எப்படி இருந்துச்சு?"

"நல்லா மொறு மொறுன்னு."

"கலரைக் கேட்டேன்ம்மா! ருசியை யார் கேட்டா?"

மும்தாஜ் கண்ணை மூடி யோசித்தாள். "நெய்ச்சோறு கலர்க்கா. நெய்ச்சோறே மாதிரி." பல்கீஸ், டீயில் பால் ஒரு கரண்டி கூடிப்போன மாதிரி இருந்தது என்றாள். ஆனால் அவள் பார்த்தது கரண்ட் போன சமயத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். மாமியாரும் டப்பாவைத் திறந்து பார்த்திருந்தார், பேரீச்சம்பழக் கொட்டை மேல் ஒட்டியிருக்கும் தோல் கலர் என்று சொல்லியிருந்தார். அவருக்கு அப்போது கண்ணில் புரை. ஆக எனக்குக் கிடைத்த சாட்சிகள் மூன்று பேர். ஒருத்தி இருட்டில் பார்த்தவள், ஒருவர் கண் தெரியாதவர், மூன்றாமவள் வாயால் பார்த்தவள்.

மிஞ்சிய கடுகை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். மும்தாஜின் கண்ணும் கூடவே வந்தது. டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"போன் பண்ணி இன்னொரு துண்டு கேட்டா என்ன?" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். போன் மாமியார் பக்கத்தில் இருக்கிறது. பேசினால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் மும்தாஜின் புகுந்த வீட்டுக்குத் தெரியும். "அண்ணன் சபுர்லேர்ந்து அனுப்புன செவுத்தத் தின்னவள்னு காலம் பூரா சொல்லுவாங்கக்கா" என்று மறுபடி அழ ஆரம்பித்தாள். "மச்சி, நீங்கதான் காப்பாத்தணும்." அண்ணன் பெண்டாட்டியை அங்கே மச்சி என்பார்கள். பல்கீஸ் அவள் மூக்கைத் தன் சேலை முந்தியால் துடைத்துவிட்டு, "அழாத, புள்ளைக்கு ஆகாது" என்றாள். ஹாலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "சாம்பிளைக் குடுத்தியா?"

"வசந்தாக்காகிட்டதான் இருக்கு மாமி" என்றாள் பல்கீஸ். பொய் இல்லை, கடுகு என் இடுப்பில்தான் இருந்தது.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்குச் சரிந்து விழும்வரை சிரித்தார். "பேசாம பிரசவம் ஆகட்டும். புள்ளை என்ன கலரோ அதையே அடிச்சுடுவோம்" என்றார். பிறகு முகம் மாறியது. "முதல்ல அந்தப் பொண்ணை டாக்டர்கிட்ட காமிக்கச் சொல்லு. கலர் காயட்டும்." பல்கீஸே கூட்டிப் போனாள். டாக்டரம்மா உடம்பில் ரத்தம் கம்மி, அதனால்தான் மண்ணு ஆசை என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, அவ்வளவு சின்னத் துண்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் இனிமேல் வீட்டைத் தின்றால் படுக்கப் போட்டு ஊசி போடுவேன் என்று மிரட்டி அனுப்பினாராம்.

சாட்சிகள் சொன்ன மூன்றையும் மெஷினில் தட்டி, ஹாலில் மூன்று பட்டை அடித்தேன். டீ, பேரீச்சை, நெய்ச்சோறு. காய்ந்த பிறகு பல்கீஸ் எதிரில் நின்று பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"எதும்மா?"

"மூணும் மாதிரியும் இருக்கு. மூணும் இல்லாத மாதிரியும் இருக்குக்கா." அவள் முகம் வாடியிருந்தது. "இத்தனை வருஷம் கழிச்சு வர்றாங்க. வாசல்ல கால் வெச்சதும் இது இல்லியேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா, நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தைல போயிடும்."

நான் டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். கோடை, வயல் வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. "பல்கீசு, அவங்க முதலாளி வீட்டுக்கு வெளியில என்ன இருக்கும்? மணல். இங்க கார்த்திகைல என்ன இருக்கும்? இந்தப் பெரிய ஜன்னல்ல சம்பாப் பச்சை அப்படியே உள்ள வந்து செவுத்துல ஏறும். அந்தத் துண்டு முழுசா இருந்து, அதே கலரை அச்சடிச்ச மாதிரி அடிச்சாலும், அங்க தெரியுற மாதிரி இங்க தெரியாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எப்படி அடிச்சாலும் அவங்க கேட்டது வராதா?"

"வராது."

"நிச்சயமா வராதா?"

"சத்தியமா வராதும்மா."

வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். புழுங்கலரிசி. "இந்தக் கலர் வருமாக்கா? பச்சரிசி வெள்ளை இல்ல, இது. தினம் காலைல கல்லு பொறுக்குறப்ப இதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்த நேரத்துல மட்டும் எனக்கு யார் மேலயும் கோவம் வர்றதில்ல."

வயலில் வளர்ந்தவள் நான், அந்த அரிசியை வேலையாக மட்டும்தான் பார்த்திருந்தேன். முறத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தேன். வெள்ளை மாதிரி, ஆனால் உள்ளுக்குள் லேசாக மஞ்சள். மஞ்சள் என்று சொல்ல வாய் வராது. அட, ஊரே வந்து 'லைட்டா' என்று கேட்டுத் தொலைத்தது இதைத்தானே!

மெஷினில் அந்தக் கலருக்கு நம்பர் இல்லை. வெள்ளையில் காவி மஞ்சள் கொஞ்சம், செங்காவி அதில் சொட்டு, கறுப்பு ஊசி முனையளவு என்று கையால்தான் கலந்தேன். கறுப்பு ஒரு சொட்டுக் கூடினால் பழைய சோறு ஆகிவிடும், செங்காவி கூடினால் பிஸ்கட். ஒத்துப் பார்க்கப் படி அரிசி கொண்டுவைப்போம், திரும்பிப் பார்த்தால் முறம் பாதி காலி, மும்தாஜ் வாய் மெல்லும். அந்த வீட்டில் எந்தச் சாம்பிளும் தங்காது. நடுவில் மாமியார் வேறு, "அந்தத் துண்டைக் காட்டேன், ஒத்து வருதான்னு பாப்போம்" என்றார். "கடையில காஞ்சுக்கிட்டு இருக்கும்மா" என்றேன். முதலாளி சொல் எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

அடித்து முடித்தோம். குவைத்திலிருந்து போன் வந்தது. "அதே கலர்தானே?" என்று கேட்டாராம். "நல்லா வந்துருக்கு" என்றாளாம் பல்கீஸ். ஆடியில் மும்தாஜுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நல்லபடியாக, எந்தப் பெயிண்டும் இல்லாமல் பிறந்தது. கார்த்திகையில் ஜபருல்லா வருகிற நாளில் என்னையும் வரச் சொல்லிவிட்டாள் பல்கீஸ். "நீங்களும் இருக்கணும்க்கா. திட்டு விழுந்தா ஆளுக்குப் பாதியா வாங்கிக்கலாம்."

கார் வந்து நின்றது. பெட்டிகள் இறங்கின. அவர் சலாம் சொல்லி உள்ளே வந்து, அம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, பிறகு நிமிர்ந்து ஹாலைப் பார்த்தார். வெளியே பயிர் இடுப்பளவு நின்றது. ஜன்னல் பக்கச் சுவரில் இளம்பச்சை படர்ந்து, உள்ளே போகப் போக அரிசிக் கலராகி இருந்தது. அவர் சுவர் ஓரமாகவே ஒரு சுற்று நடந்தார். பல்கீஸ் முந்தியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது நான் அனுப்புன கலர் இல்லியே."

மும்தாஜ் ஓவென்று அழுதாள். "மச்சியைத் திட்டாதண்ணே! நான்தான் தின்னுட்டேன்!"

"எதைத் தின்னே?"

"நீ அனுப்புன செவுத்த!"

ஜபருல்லா பிள்ளையை அம்மா மடியில் கொடுத்துவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மாமியார் அசையவே இல்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "இவ உதட்டோரம் வெள்ளையா இருந்துச்சு. சும்மா அழாதடி. உங்க அண்ணனை உண்டாயிருந்தப்ப, பழைய வீட்டு அடுப்படிச் செவுத்துல சுண்ணாம்பையே நான் மிச்சம் வைக்கல." இத்தனை மாதமும் துண்டைக் காட்டு, துண்டைக் காட்டு என்று என் உயிரை வாங்கிய அந்த மாமியாரைப் பார்த்தேன். அவர் பேரனைப் பார்த்துக்கொண்டார்.

ஜபருல்லா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, சத்தமே வராத சிரிப்பு. ஓய்ந்த பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மஜ்லிஸ்ல போயி எங்கேர்ந்து பேக்குறது? முதலாளியம்மா கண்ணு கொத்திக்கிட்டே இருக்கும். அது நான் படுக்குற ரூம் செவுரு. கட்டிலுக்கு மேல பேந்து தொங்குச்சு. அதுவும் லைட்டாத்தானே இருக்குன்னு அனுப்பிட்டேன்."

லைட்டா! எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியோடு அவரைக் குவைத்துக்கே தள்ளியிருப்பேன். ஆனால் அவர் குரல் மாறிவிட்டது. "நாலு வருஷமா கண்ணைத் தொறந்தா அந்தச் செவுருதான். அதை இங்கயும் அடிச்சு வெச்சிருந்தா, லீவுல வந்தும் அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பேன். நல்ல வேளை தின்னே மும்தாஜு." பிறகு பல்கீஸைப் பார்த்தார். "இது என்ன கலரு?"

"புழுங்கலரிசி."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றாள். தலையைக் குனியவில்லை. அவர் எழுந்து போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். "நல்லாருக்கு புள்ள" என்றார். "ரொம்ப நல்லாருக்கு." அவள் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். டீ போடத்தான் போனாள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டோம்.

லீவு முடிந்து கிளம்பும்போது, அவரே கதவுக்குப் பின்னால் கத்தியால் நகத்தளவு பெயர்த்து, அதே கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டாராம், குவைத்தில் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் அடித்துக்கொள்ள. கார் வரும்வரை அந்த டப்பாவை மாமியார் தன் மடியில் கட்டி வைத்திருந்தார். மும்தாஜுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, இருந்தாலும் யாரை நம்புவது?

அடுத்த மாசியில் ஒரு நாள் கடைக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. முதலாளி எடுத்து, கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினார். ஜபருல்லாதான். சலாம் கூடச் சொல்லவில்லை, நேரே புகார்.

"அக்கா, உங்க கலர்ல ஏதோ கோளாறுக்கா. இங்க கடையில துண்டைக் காமிச்சு அச்சு அசலா கலந்து வாங்கி அடிச்சுட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா மாறவே மாட்டேங்குது. பல்கீஸ்கிட்ட பேசுறப்பல்லாம் இன்னிக்கு செவுரு எப்படி இருக்குன்னு கேட்டா, இன்னிக்கு பச்சைங்குறா, இன்னிக்கு பொன்னுங்குறா, அறுப்பாயிடுச்சு இப்ப அரிசிங்குறா. இங்க எப்பப் பாத்தாலும் ஒண்ணாவே நிக்குதுக்கா."

என் வேலைக் காலம் முழுக்கக் கலர் மாறிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். மாறவில்லை என்று சண்டைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ரூமில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

"நாங்க பாதிதான் பாய் குடுப்போம்" என்றேன். "மீதி உங்க வீட்டு ஜன்னலுக்கு வெளியில இருக்கு. அதை டப்பாவுல அனுப்ப முடியாது. நீங்கதான் வந்து பாக்கணும்."

"சரிக்கா" என்று போனை வைத்தார்.